ஆறு வடிவங்களும் ஒரு சிவப்பு அட்டையும்

காலை ஐந்தரை மணிக்குச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மகளுடைய பழைய நோட்டைத் திறந்து, பக்கத்தின் வலது பாதியைக் காலண்டர் அட்டையால் மறைத்துக்கொள்கிறேன். இடது பாதியில் ஒரு வினைச்சொல் இருக்கும். நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள் என்று ஒவ்வொரு பிரெஞ்சு வினைக்கும் ஆறு வடிவம். ஆறையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அட்டையை விலக்கிச் சரியா தப்பா என்று நானே பார்க்க வேண்டும். கேட்க வீட்டில் ஆள் இல்லை. கணவருக்கு இந்த வாரம் நைட் ஷிஃப்ட். அவர் வரும் நேரமும் என் கம்பெனி பஸ் வரும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. தெருமுனையில் பார்த்துக்கொள்வோம். "தோசை மாவு வெளிய இருக்குது" என்பேன். தலையாட்டுவார். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள்.

எனக்கு நாற்பத்தேழு வயது. பிரான்சுக்குப் போகும் எண்ணம் இல்லை. பிரெஞ்சு தெரிந்தவர் என்று எனக்குத் தெரிந்த ஒரே ஆள் என் மகள். என்னோடு அவள் தமிழிலேயே அதிகம் பேசுவதில்லை. அவள் மறுபடி பேச வேண்டும். இத்தனையும் அதற்காகத்தான். வினைச்சொற்கள் அதற்கு எப்படி உதவும் என்று தொடங்கும்போது எனக்குத் தெரியாது. இப்போதும் முழுதாகத் தெரியாது.

அவள் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது மொழிப்பாடம் எது என்று பள்ளியில் கேட்டார்கள். நான் யோசிக்கவே இல்லை. எங்கள் கம்பெனியில் பிள்ளைகளைப் படிக்கவைத்த எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்லியிருந்தார்கள். தமிழில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் முழு மார்க் போட மாட்டார்கள், பிரெஞ்சு என்றால் கணக்குப் பாடம் மாதிரி, எழுதியது சரி என்றால் முழு மார்க். மகள் முகத்தைச் சுளித்தாள்.

"ஓசூர்ல எவன்மா ஃப்ரெஞ்ச் பேசறான்?"

"நீ பேச வேணாம் பாப்பா. எழுதினா போதும்."

அதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. எங்கள் வீட்டுக்கார அம்மா வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார், பால்காரரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். கர்நாடக எல்லையில், ஜூஜுவாடிப் பக்கம் காய்கறி விற்பவர்கள் வண்டியின் நம்பர் பலகையைப் பார்த்தே எந்த மொழியில் கூப்பிடுவது என்று முடிவு செய்வார்கள். என் மகளும் எட்டு வயதிலேயே தெருவில் விளையாடிக் கன்னடம் கற்றுக்கொண்டவள். யாரும் அவளுக்குப் பட்டியல் எழுதிக் கொடுக்கவில்லை, யாரும் ஒப்பிக்கச் சொல்லவில்லை. இவ்வளவு மொழிகள் உரசிக்கொண்டு நடக்கும் ஊரில், பேச ஒருவரும் இல்லாத ஒரு மொழியைத் தேடிப் பிடித்து அவளிடம் கொடுத்தது நான்தான்.

பதினொன்றாம் வகுப்பு நன்றாகவே போயிற்று. அவளுக்கு வாய்த்த டீச்சர் சின்னப் பெண், சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக் கொடுப்பாராம். பன்னிரண்டாம் வகுப்பு ஆகஸ்ட்டில் அந்த டீச்சர் எல்லை தாண்டி பெங்களூரில் ஒரு பள்ளிக்குப் போய்விட்டார். இங்கே அது வழக்கம்தான். நல்ல ஆட்கள் நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுவார்கள். அவருக்குப் பதில் ஆள் வரவில்லை. பிரெஞ்சு எடுத்த பதினோரு பிள்ளைகளையும் நூலகத்தில் உட்காரவைத்து, கைடைப் பார்த்துப் படியுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் பயந்துபோனேன். அவளை விட அதிகமாக நான்தான் பயந்தேன். அன்று இரவே முடிவு செய்தேன், தினமும் காலையில் நான் புத்தகம் பிடித்துக் கேட்பேன் என்று. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் நான் வேலை செய்வது பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியின் தரப்பரிசோதனைப் பிரிவில். பத்தொன்பது வருடமாக, பொருள் எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரியாமலேயே அது சரியா தப்பா என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அளவு கருவியை உள்ளே விட்டால் போக வேண்டும், போகவில்லை என்றால் தள்ள வேண்டும். அவ்வளவுதான். அதையே வீட்டிலும் செய்தேன். கைடில் இருக்கும் எழுத்தும் அவள் எழுதிய எழுத்தும் ஒன்றா? ஒன்று என்றால் டிக். இல்லை என்றால் சிவப்பு.

சிவப்பு என்று சொல்வது உண்மையாகவே சிவப்பைத்தான். எங்கள் பிரிவில் குறையுள்ள பாகத்தின் மேல் ஒட்டுவதற்குச் சிவப்புப் பொட்டு ஸ்டிக்கர் ரோலாக வரும். பசை காய்ந்துபோனது என்று ஒதுக்கிய ரோல் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அதோடு, வரிசை எண் விழாமல் அச்சாகிவிட்ட சிவப்பு அட்டைக் கட்டு ஒன்றும் இருந்தது. தள்ளப்பட்ட பாகத்தில் கம்பியால் கட்டித் தொங்கவிடும் அட்டை அது. பாகத்தின் பெயர், எண்ணிக்கை, குறை, கண்டுபிடித்தவர் என்று கோடுகள் இருக்கும். கடைசியில் 'முடிவு' என்று மூன்று கட்டங்கள்: சரிசெய்வதற்கு ரீவொர்க், தூக்கிப்போடுவதற்கு ஸ்க்ராப், இல்லையென்றால் அப்படியே ஏற்பு. அதில் ஒன்றில் டிக் போட்ட பிறகுதான் அந்தப் பாகம் நகர முடியும்.

தொடக்கத்தில் அது விளையாட்டாகத்தான் இருந்தது. அதையும் சொல்லியாக வேண்டும். முதல் அட்டையை எழுதியது மகள்தான். அவளுடைய அப்பா கிண்டிய உப்புமாக் கிண்ணத்தில் அதைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். குறை: உப்பு இல்லை, உயிரும் இல்லை. முடிவு: ஸ்க்ராப்.

"ஏய், கஷ்டப்பட்டு செஞ்சது. அப்படியே ஏற்புல போடு" என்றார் அவர்.

"கஸ்டமர் ஒத்துக்க மாட்டாங்கப்பா."

"கஸ்டமர் யாரு?"

"நான்தான்."

மூன்று பேரும் சிரித்தோம். அவர் உப்புமாவைத் திரும்பவும் வாணலியில் கொட்டி உப்புப் போட்டுக் கொண்டுவந்தார். அவள் ஸ்க்ராப் என்பதை அடித்துவிட்டு ரீவொர்க்கில் டிக் போட்டாள். அந்த வாரம் வீட்டில் மின்விசிறிக்கும் கூட அட்டை தொங்கியது.

பிறகு அவள் விளையாடுவதை நிறுத்திவிட்டாள். நான் நிறுத்தவில்லை. தப்பிய வினைச்சொல்லை ஒரு சீட்டில் எழுதி, அவளுடைய பீரோவின் கதவில் ஒட்டி, பக்கத்தில் சிவப்புப் பொட்டு வைப்பேன். மூன்று நாள் தொடர்ந்து சரியாகச் சொன்னால் பொட்டை எடுத்துவிடலாம். கம்பெனியில் இப்படித்தான், குறை கண்ணுக்கு முன்னால் இருந்தால்தான் தீரும் என்பார்கள். எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. நவம்பரில் கதவின் மேல்பாதி நிறைந்தது. டிசம்பரில் கைப்பிடி வரை வந்துவிட்டது. அவள் காலையில் சீருடை எடுக்கப் பீரோவைத் திறக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு திறப்பாள். தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன்.

பொங்கல் முடிந்து பள்ளி திறந்த வாரம். ஓசூரில் அந்த நேரத்துக் குளிரில் பிள்ளைகள் ஸ்வெட்டருக்குள் கைகளை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பார்கள். அன்று காலை பன்னிரண்டு வினை கேட்டேன். ஏழு தப்பியது. நான் திட்டவில்லை. நான் எப்போதுமே திட்டியதில்லை என்று ரொம்ப நாள் பெருமையாக நினைத்திருக்கிறேன். ஏழு பொட்டு எடுத்து ஒவ்வொன்றாக ஒட்டினேன். "இது மூணாவது தடவை. ரிப்பீட் டிஃபெக்ட்" என்று மட்டும் சொன்னேன். கம்பெனியில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லும் வார்த்தை அது. டிபன் பாக்ஸைக் கட்டிவைத்துவிட்டு என் பஸ்ஸுக்கு ஓடினேன்.

எங்கள் பரிசோதனைக் கூடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். பன்னிரண்டரைக்குச் சாப்பிடப் போகும்போதுதான் எடுத்துப் பார்த்தேன். உங்கள் மகள் இன்று பள்ளிக்கு வரவில்லை என்று பள்ளியிலிருந்து குறுஞ்செய்தி. வந்த நேரம் ஒன்பது நாற்பது. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் அந்தச் செய்தி ஓர் இரும்புப் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். கணவர் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவளுடைய மேசையில் சிவப்பு அட்டை ஒன்று, காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் ஸ்கேல் வைக்கப்பட்டிருந்தது. அவளுடைய வட்டமான கையெழுத்து.

பாகத்தின் பெயர் என்ற இடத்தில் அவள் பெயர். எண்ணிக்கை: ஒன்று. குறை: ரிப்பீட் டிஃபெக்ட். கண்டுபிடித்தவர்: அம்மா.

முடிவு என்ற இடத்தில் மூன்று கட்டங்களும் காலியாக இருந்தன.

அந்த அட்டையை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. கணவரின் காலைப் பிடித்து உலுக்கினேன். பிறகு நடந்தவை துண்டு துண்டாகத்தான் நினைவில் இருக்கின்றன. அவர் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தது. ஏரிக்கரைக்குப் போகவா, ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகவா என்று கேட்டது. அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. காவல் நிலையத்தில் பெண் போலீஸ் ஒருவர், "லவ்வு கிவ்வு ஏதாச்சும்?" என்று கேட்டபோது, இல்லை என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த அட்டையைக் காட்டலாமா வேண்டாமா என்று தவித்தேன். காட்டவில்லை. 'கண்டுபிடித்தவர்' என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை இன்னொருவர் படிக்கவேண்டாம் என்று, அந்த நேரத்திலும், நினைத்தேன்.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"யம்மா, நான் கிருஷ்ணகிரி பஸ் கண்டக்டரு பேசறேன். பயப்படாதீங்க. உங்க பாப்பா என் வண்டியிலதான் இருக்குது."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"காலையில ஏறுச்சும்மா. கிருஷ்ணகிரியில எறங்குச்சு, திரும்ப ஓசூரு டிக்கெட் எடுத்துச்சு. மறுபடி கிருஷ்ணகிரி. கேட்டா சித்தி வீட்டுக்குப் போறேங்குது. எந்தச் சித்தி ரெண்டு ஊருலயும் இருக்கா? இது நாலாவது ட்ரிப்பு. அடையாள அட்டையக் காட்டுன்னேன், அதுல உங்க நம்பரு. திட்டாதீங்கம்மா, சொல்லிட்டேன். ஒரு டீ வாங்கிக் குடுத்தேன், குடிச்சுது."

ஓசூர் பஸ் நிலையத்தில் அந்த வண்டி வந்து நின்றபோது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் சாய்ந்த இடத்தில் நெற்றியில் ஒரு தடம் சிவந்திருந்தது. ஏறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த நாலைந்து மணி நேரமாகச் சொல்ல நினைத்தது எவ்வளவோ இருந்தது. வாயில் வந்தது, "டிபன் சாப்பிட்டியா?"

"ம்" என்றாள்.

அதற்குப் பிறகு என்னோடு அவள் பேசியதில் பெரும்பாலானவை அந்த ஓர் எழுத்துதான்.

அன்று அவள் தூங்கியதும் பீரோவின் பொட்டுகளை எல்லாம் உரித்தேன். காய்ந்துபோன பசை என்று ஒதுக்கியது, என் நகம் பெயரும் அளவுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. கதவில் வட்ட வட்டமாகக் கறை நின்றுவிட்டது, இன்னும் இருக்கிறது. அட்டையை மடித்துக் கைப்பையில் வைத்தேன். அதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அந்த மூன்று கட்டத்தில் எதை நினைத்தாய் என்று கேட்க வேண்டி வரும். அவள் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

தேர்வு எழுதினாள். பிரெஞ்சில் நல்ல மார்க் வந்தது. எவ்வளவு என்று இங்கே எழுதினால் நான் செய்தது சரி என்று ஆகிவிடும். கோயம்புத்தூரில் கல்லூரியை அவளே தேர்ந்தெடுத்தாள். மொழிப்பாடத்துக்குத் தமிழ் எடுத்திருக்கிறேன் என்று போனில் அப்பாவிடம் சொன்னாள். ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

அவள் போன பிறகு வீடு என்னிடம் மட்டும் விடப்பட்டது போல ஆயிற்று. கணவருடைய ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும். மூன்று வாரத்தில் ஒரு வாரம்தான் ஒரே நேரத்தில் சாப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அவளுடைய அலமாரியைத் துடைக்கும்போது பிரெஞ்சு நோட்டு கையில் பட்டது. முதல் பக்கத்தில் முதல் வினை, 'இருத்தல்'. ஐந்து மாதம் தினமும் கேட்ட வினை. நோட்டை மூடிவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். நான், நீ வரைக்கும் வந்தது. மூன்றாவது வரவில்லை.

அன்று ரொம்ப நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். நூற்றைம்பது காலைகள் ஒரு பெண் பிள்ளை எனக்கு எதிரில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள். அதில் ஒரு சொல்கூட என் காதுக்குள் போகவில்லை. நான் அவளைக் கேட்டேன் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் கேட்டதேயில்லை, காகிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுந்து படிக்க ஆரம்பித்தேன்.

அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. 'வந்தேன், வந்தாய், வந்தான்' என்பதை எல்லாம் நான் எப்போது கற்றேன் என்று எனக்கே தெரியாது. இது அப்படி இல்லை. ஒரு கூட்டம் வினைகள் ஒழுங்காக வரிசையில் நிற்கும், வால் மட்டும் மாறும். அதைப் பிடித்துவிட்டோம் என்று நிமிரும்போது, 'போதல்', 'செய்தல்', 'இயலுதல்' போன்ற அன்றாட வினைகள் எந்த வரிசையிலும் நிற்காமல் தலையிலிருந்தே மாறிப்போகும். அதிகம் புழங்குவதுதான் அதிகம் தேய்ந்து மாறும் என்று போனில் ஒரு வீடியோவில் சொன்னார்கள். நேற்று நன்றாக வந்த பத்தும் இன்று காலை கலந்துவிடும். தப்பு என்று தெரியும், எங்கே தப்பு என்று தெரியாது. அப்படி ஒரு நொடியை நான் பத்தொன்பது வருட வேலையில் அனுபவித்ததில்லை. அங்கே எப்போதும் நான் சோதிக்கும் பக்கம் இருப்பவள்.

ஒரு மாதம் கழித்து இன்னொன்று தெரிந்தது. 'உட்காருதல்' என்ற வினைக்கு அவர்களிடம் இரண்டு வரிசை உண்டாம், எதை எழுதினாலும் சரிதானாம். கைடில் ஒன்றுதான் இருந்தது. மகள் மற்றதை எழுதியிருந்தாள். "டீச்சர் இப்படித்தாம்மா சொன்னாங்க" என்று அவள் சொன்னதும், "கைடுல இல்லையே" என்று நான் பொட்டு வைத்ததும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. குறையுள்ளதைத் தவறவிட்டால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். நல்லதைத் தள்ளினால் யாரும் வரமாட்டார்கள். அது சத்தமில்லாமல், தள்ளியவற்றைப் போடும் சிவப்புத் தொட்டியில் கிடக்கும்.

படித்ததைக் கம்பெனி பஸ்ஸில் மனசுக்குள் சொல்லிக்கொண்டு போவேன். உதடு அசைந்திருக்கிறது போலும். பக்கத்து சீட்டில் வரும் பேக்கிங் பிரிவுப் பெண் ஒருநாள் பிடித்துவிட்டாள்.

"என்னாக்கா முணுமுணுன்னு? மந்திரமா?"

"ஃப்ரெஞ்ச்."

"யா அல்லா! வெளிநாடு போறீங்களா? சொல்லவே இல்ல பாத்தீங்களா!"

"எங்கியும் போவல. சும்மாதான்."

"சும்மா யாராச்சும் ஃப்ரெஞ்ச் படிப்பாங்களா? எங்க வீட்டுச் சின்னது அரபி ஓதறதுக்கே தினம் வயித்து வலின்னு நாடகம் போடுது. குடுங்க, நான் பிடிக்கிறேன். நீங்க சொல்லுங்க."

நோட்டை வாங்கிக்கொண்டாள். நான் சொல்ல, அவள் விரலால் எழுத்தைத் தொட்டுக்கொண்டே வந்தாள். "தப்பு" என்றாள். மறுபடி சொன்னேன். "ம்ஹூம், தப்பு." பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, அவளுக்கு வேடிக்கை. ஆனால் என் காது சுட்டது. நோட்டைப் பிடுங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடலாம் போல இருந்தது. பஸ் அப்போது சிப்காட் சிக்னலில் நின்றிருந்தது. கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துப் பார்த்தேன், குளிர்ச்சியாக இருந்தது.

"கோவமாக்கா?" என்றாள் அவள். "சும்மா சொன்னேன். எங்க புள்ளைங்களுக்கு ஓதிக் குடுக்கற ஹஜ்ரத் இருக்காரே, அவரு தப்புன்னு வாயால சொல்லவே மாட்டாரு. புள்ள தடுக்குச்சுன்னா அந்த எடத்துலருந்து அவரும் கூடவே ஓத ஆரம்பிச்சிருவாரு. புள்ளைக்குத் தான் தப்பு விட்டதே தெரியாது."

"அப்ப எப்பிடித் திருந்தும்?"

"அதான் கூடவே ஓதறாரே?" என்றாள், நான் ஏதோ புரியாமல் கேட்டது போல.

அடுத்த இரண்டு வாரமும் அது என்னை விட்டுப் போகவில்லை. கூடவே ஓதுவதற்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் பொட்டு வைத்திருக்கிறேன்.

மகளோடு பேசுவது அப்போதும் அப்படித்தான். சாப்பிட்டியா? ம். சளி விட்டுதா? ம். அப்பாகிட்ட குடுக்கட்டா? ம், குடு. சில நாள் அவள் போனை எடுக்காவிட்டால் எடுக்கும் வரை எனக்கு வேறு வேலை ஓடாது. இன்றும் லாக்கரில் போனை வைத்துப் பூட்டும்போது கை ஒரு நொடி நிற்கும். பரிசோதனைக் கூடத்தின் லேண்ட்லைன் எண்ணை ஹாஸ்டலிலும் கல்லூரியிலும் அவளுடைய இரண்டு தோழிகளிடமும் கொடுத்து வைத்திருக்கிறேன். அவளுக்கு அது தெரியும். அதற்காகவும் கோபம் இருக்கலாம்.

டிசம்பர் மாதத்துக் காலை ஒன்றில், ஆறு மணிக்கு, திட்டமிடாமல் அவளைக் கூப்பிட்டேன். அந்த நேரத்தில் நான் கூப்பிட்டதே இல்லை. பதறிக்கொண்டு எடுத்தாள்.

"என்னம்மா? அப்பாவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல, அப்பா நல்லா இருக்காரு. பாப்பா, எனக்கு ஒரு பத்து வெர்ப் கேக்கறியா?"

"என்னது?"

"ஃப்ரெஞ்ச் வெர்ப். உன் நோட்டுல இருக்கறது. படிச்சிருக்கேன். பிடிச்சுக் கேக்க ஆள் இல்ல."

பின்னால் ஹாஸ்டல் விழித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. வாளி உருளும் ஓசை, யாரோ ஒருத்தி குளியலறைக் கதவைத் தட்டிக் கத்துவது. வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"சொல்லு" என்றாள்.

சொன்னேன். முதல் வினையின் மூன்றாவது வடிவத்தில், "தப்பு" என்றாள். அடுத்ததில், "தப்பு. கடைசி எழுத்தச் சொல்லக்கூடாது, முழுங்கணும்." "எழுதறதுக்கு ஞாபகம் இருக்கணும்னு நீ எல்லாத்தையும் சொல்லித்தானே படிச்ச" என்றேன். "அது பரீட்சைக்கு. இது சும்மாதானே" என்றாள். அவளுடைய தப்பு என்ற சொல்லில் கொஞ்சம் கூடுதல் அழுத்தம் இருந்தது. இருக்கட்டும் என்று நினைத்தேன். அவளுக்கு அது பாக்கி இருந்தது.

'இயலுதல்' வந்தது. நான்கு வடிவம் சொன்னேன். ஐந்தாவதில் நின்றுவிட்டேன். தலைக்குள் ஒன்றும் இல்லை. தப்பு என்று வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

வரவில்லை. அவள் மெதுவாக அந்த ஐந்தாவதைச் சொன்னாள். நானும் சொன்னேன். ஆறாவதை அவள் ஆரம்பிக்க, நான் ஒரு எழுத்து பின்தங்கிக் கூடவே முடித்தேன். பேக்கிங் பெண்ணையோ ஹஜ்ரத்தையோ அவளுக்குத் தெரியாது.

பத்தும் முடிந்தது. வைத்துவிடுவாள் என்று காத்திருந்தபோது கேட்டாள்.

"எதுக்கும்மா இது?"

"ஒவ்வொண்ணும் எவ்வளவு கஷ்டம்னு தெரியாம கேட்டுட்டேன் பாப்பா. உட்கார்றதுக்கு ரெண்டு வரிசை உண்டாம். நீ எழுதுனது சரி."

"எனக்கு அப்பவே தெரியும்."

"ம்" என்றேன். இந்த முறை அந்த எழுத்து எனக்கு வந்தது.

"அந்தச் செவப்பு டேக் இன்னும் வச்சிருக்கியா?"

கைப்பை எதிரிலேயே நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது. "இருக்கு."

"எதுல டிக் போட்ட?"

"எதுலயும் போடல. நீ ஓபன் பண்ணது. ஓபன் பண்ணவங்கதான் க்ளோஸ் பண்ணணும்." அது உண்மையிலேயே எங்கள் கம்பெனி விதி. ஆனால் அதைச் சொல்லும்போது என் குரல் கம்பெனிக் குரலாக இல்லை. "பாப்பா, அன்னைக்கு நீ எதுல..."

"தெரியலம்மா" என்று இடைமறித்தாள். "அதனாலதான் காலியா விட்டேன். பஸ்ல உக்காந்து அதைத்தான் யோசிச்சுட்டிருந்தேன். அந்தக் கண்டக்டர் அண்ணன் டீ வாங்கிக் குடுத்தாரு. அப்புறம் யோசிக்கல."

அவளுக்குப் பின்னால் மறுபடி வாளி உருண்டது. என் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. இல்லாவிட்டாலும் அன்று பஸ்ஸை விட்டிருப்பேன்.

"சரி, எனக்குப் பாத்ரூம் க்யூ போயிடும்" என்றாள். "நாளைக்கு அடுத்த பத்து. படிக்காம கூப்பிடாத."

மறுநாள் ஆறு மணிக்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஆறு ஐந்துக்கு ஒரு தடவை, ஆறேகாலுக்கு ஒரு தடவை. பிறகு என்னையே பிடித்து நிறுத்திக்கொண்டேன். தூங்கியிருப்பாள், பிள்ளைகள் தூங்கும் என்று சொல்லிக்கொண்டு, டிபன் பாக்ஸைக் கட்டினேன். அன்று முழுவதும் லாக்கர் சாவி பாக்கெட்டில் கனத்தது. சாயங்காலம், 'தூங்கிட்டேன்' என்று ஒரு வரி அனுப்பியிருந்தாள்.

அதற்கு அடுத்த நாள் மூன்றாவது ரிங்கில் எடுத்தாள். குரல் இன்னும் தூக்கத்திலேயே இருந்தது.

"ம், சொல்லு" என்றாள்.

காலண்டர் அட்டையை எடுத்து வலது பாதியை மறைத்துக்கொண்டு, சொல்ல ஆரம்பித்தேன்.